பதினான்கு படங்கள்

பிப்ரவரி 9, காலை 7.20

செவ்வாய்க்கு அப்பால், சீரீஸ் குறுங்கோள் நிலையம். உள்வெப்பம் 19 டிகிரி. அணு உலை ஓடுகிறது. அதன் குளிர்விப்புப் பம்பில் சென்ற வாரம் கேட்ட உறுமல் இன்று இல்லை. தண்ணீர் வடிகட்டியில் உப்பு அடைத்திருந்தது, கழுவிப் போட்டேன். வெளியே கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை உப்பு. தூத்துக்குடியில் பிறந்தவளை இவ்வளவு தூரம் அனுப்பியும் உப்பளத்தைத் தாண்டவிடவில்லை.

இந்தப் பதிவை யார் திறப்பார்கள் என்று தெரியாது. அடுத்த கப்பல் வர ஓராண்டுக்கு மேல் ஆகும். அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பியூலா செல்லத்துரை. வயது ஐம்பத்தேழு. உடலிலிருந்து வெட்டியெடுத்த துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவர். இங்கே ஆறு பேர் இருந்தோம். ஐந்து பேர் நவம்பரில் ஊர் திரும்பினார்கள். நான் கப்பல் ஏற முடியவில்லை.

காரணம், என் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருக்கும் ஒரு கட்டி. நரம்புச் சுரப்பிக் கட்டி என்று பெயர். பட்டாணி அளவுதான். அவசரமே இல்லாதது, பத்தாண்டாக உள்ளே இருந்திருக்கலாம். இப்போது ஈரலிலும் குட்டி போட்டிருக்கிறது. அது சுரக்கும் செரோடோனின் முகத்தைச் சிவக்க வைக்கும், வயிற்றுப்போக்கைத் தரும், கடைசியில் இதயத்தின் வலப்பக்க வால்வைத் தடிக்க வைக்கும். என்னுடையது தடித்துவிட்டது. பூமியில் இறங்கும்போது உடல்மேல் ஏறும் எடையை அது தாங்காது. கட்டி முதலில் சுருங்கவேண்டும். சுருங்கினால், அடுத்த கப்பலில் வருகிறவர்கள் வால்வை மாற்றித் தருவார்கள்.

இந்தக் கட்டி சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். எங்கள் குடும்பம் அதில் ஒன்று. தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி நடத்தும் என் தம்பி பொன்சிங்குக்கும் இதே இடத்தில் இதே கட்டி. அவனுடைய அறுவை மருத்துவரும் இதையே சொல்லியிருக்கிறார்: முதலில் கட்டி, பிறகு வால்வு.

நேற்று முகம் சிவந்தது இரண்டு முறை. வயிறு ஐந்து முறை. களைப்பு. களைப்பை அளக்க இங்கே கருவி இல்லை.

பிப்ரவரி 10, பிற்பகல் 3.45

நான் போட்டுக்கொண்ட மருந்தைப் பற்றி எழுதவேண்டும்.

சில வகைப் புற்றுக்கட்டிகளைத் தேடி உடலின் காவல் செல்கள் வரும். வந்தவை கலைந்துபோகாமல் சில சமயம் கட்டிக்கு உள்ளேயே தங்கிவிடும். ஒரு வகைச் செல் நடுவில் உருண்டையாகத் திரளும். இன்னொரு வகை சுற்றி வளையமாக நிற்கும். புதிய செல்கள் வந்து சேர்வதற்கென்றே தனி இரத்தக் குழாய் முளைக்கும். கழுத்திலும் அக்குளிலும் இருக்கும் நிணக்கணு, தான் இருக்கக்கூடாத இடத்தில் சின்னதாக முளைத்த மாதிரி. நாங்கள் அதைக் கூடு என்போம். பல புற்றுகளில், கூடு கட்டியவர்கள் கூடுதல் காலம் இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்துக் கட்டி யாரையும் அண்ட விடுவதில்லை. பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். அதற்குள் கூடு கட்ட வைக்க நானும் டாக்டர் மைதீனும் ஒன்பது ஆண்டு உழைத்தோம். மைதீன் மேலப்பாளையத்துக்காரர். என்னிடம் படிக்க வந்தவர். இப்போது என்னைவிட அவருக்குத்தான் இது அதிகம் தெரியும். நோயாளியின் சொந்த நிணக்கணுவிலிருந்து செல்களை எடுத்து, கூடு கட்டப் பழக்கி, ஊசியில் திரும்ப ஏற்றுகிறோம். வித்து என்று கூப்பிடுகிறோம்.

எனக்கான வித்தை இங்கேயே வளர்த்து, டிசம்பர் கடைசியில் நானே ஏற்றிக்கொண்டேன். இதைப் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் பொன்சிங் என்று முடிவாகியிருக்கிறது, எனக்கு வேலை செய்தால்.

இன்று காலை குடல்நோக்கி இயந்திரத்தைக் கொண்டு கட்டியை ஒட்டி ஆழமாக ஒரு துண்டு எடுத்தேன். மயக்க மருந்து பாதிதான் கொடுத்துக்கொண்டேன். இயந்திரத்துக்கு இடம் காட்ட ஒருவர் விழித்திருக்கவேண்டும். அந்த ஒருவர் நான். திரையில் என் குடலைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று சொன்னது நினைவிருக்கிறது.

பிப்ரவரி 13, காலை 11.10

கூடு கட்டியிருக்கிறது.

துண்டை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்ற இரண்டு நாள் ஆனது. இன்று பார்த்தேன். கட்டியின் ஓரத்தில் ஐந்து கூடுகள். நடுவில் உருண்டை, சுற்றி வளையம், தடித்த சுவருள்ள குழாய். மூன்றில் மையம் வெளிறித் தெளிந்திருக்கிறது. முழு வளர்ச்சியின் அடையாளம் அது. பாடப் புத்தகத்தில் போட ஆள் தேடி அலைவார்களே, அப்படிப்பட்ட கூடுகள்.

சந்தோஷப்பட்டேன் என்று எழுதவேண்டும். நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடினேன். அதுதான் நடந்தது.

எங்கள் தொழிலில் ஒருவர் பார்த்தது போதாது. இன்னொருவர் தனியாகப் பார்த்து எழுதவேண்டும். பெரிய ஆண்டெனா அக்டோபரிலேயே போய்விட்டது. நடுத்தர ஆண்டெனாவில்தான் எல்லாம் போய்வருகிறது. சீரீஸ் ஒன்பது மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். அதில் நான்கு மணி நேரம்தான் பூமி எனக்குத் தெரியும். விதியின்படி பெரிய லென்ஸில் எடுத்த பதினான்கு படங்கள் போதும். நான் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். முழுத் துண்டையும் சின்ன லென்ஸில் காட்டும் படம் கட்டாயமில்லை. பூமி மறையும் நேரம் ஆகிவிட்டது. அதை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 18, பிற்பகல் 1.30

மைதீனிடமிருந்து வந்தது:

"டாக்டரக்கா, பதினாலையும் பாத்தாச்சு. கூடுன்னா இதுதான்க்கா கூடு. ஒம்பது வருசமா எலி வயித்துலயே பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. மனுச வயித்துல இப்பத்தான் பாக்கேன், அதுவும் உங்க வயித்துல. நோயாளியும் நீங்களே, டாக்டரும் நீங்களே, ரிப்போர்ட் எழுதுறதும் நீங்களே. ஃபீஸ் யாருட்ட வாங்குவீங்க? நான் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். பொன்சிங் அண்ணனுக்குச் சொல்லிட்டேன். அவுக உங்க வாயால கேக்கணுமாம்."

அடுத்தது பொன்சிங்:

"எக்கா, நல்லா இருக்கியா? மைதீன் தம்பி வந்து கூடு கட்டிட்டு, கூடு கட்டிட்டுன்னு குதிக்காரு. நான் என்னத்தக் கண்டேன், குருவியா வளக்குதீயன்னு கேட்டேன். இங்க பாரு, மாடிப்படி நாலு ஏறுனா நெஞ்சு அடைக்கி. பார் ஐஸ ஒத்தக் கையில தூக்குனவன் இப்ப ஐஸ் டப்பாவத் தூக்க ஆளு கூப்புடுதேன். நீ சொல்லு. நீ போட்டுக்கோன்னா போட்டுக்கிடுதேன், வேண்டாம்னா விட்டுருதேன். வேற எவன் சொல்லியும் கேக்க மாட்டேன்."

ஈரலிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு மூன்று வாரம் ஆகும். உடம்பு தேறினால்தான் ஈரலில் ஊசி குத்தித் துண்டு எடுக்க முடியும். அவன் மூச்சு வாங்குவது ஒலிப்பதிவிலேயே கேட்டது.

நான் அனுப்பியது: "லேய், போட்டுக்கோ. எனக்கு வேலை செய்யுது."

மார்ச் 19 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அவனுடைய வித்து வளர அத்தனை நாள் வேண்டும்.

மார்ச் 1, காலை 8.00

பம்பு மறுபடி உறுமுகிறது. பிரித்துப் பார்க்கத் தெம்பு இல்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

நான்கு நாளாக வலது அடிவயிற்றில் வலி. இன்று மலத்தில் இரத்தம். சோயா மாவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். கஞ்சிக்கு மாறிவிட்டேன்.

மார்ச் 8 முதல் 22 வரை சூரியன் எனக்கும் பூமிக்கும் நடுவில் நிற்கும். அந்த நாட்களில் எந்தச் செய்தியும் போகாது, வராது. பொன்சிங்குக்கு ஊசி போடும் நாளில் நான் இருக்கமாட்டேன். சொல்லவேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

மார்ச் 6, மாலை 5.15

ஈரல் துண்டு தயாரானது. பார்த்தேன்.

கூடு இல்லை. கூடு மட்டுமில்லை, காவல் செல் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கட்டிச் செல்கள் வரிசை வரிசையாக, ஒழுங்காக, யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்கின்றன. வித்து ஏற்றுவதற்கு முன் எடுத்திருந்தாலும் இதே படம்தான்.

குடலில் கட்டியது ஈரலில் கட்டாமல் போகலாம். அப்படி நடக்கும். இந்த வரியை எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். வேறு யாராவது என்னிடம் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மார்ச் 7, காலை 6.40

பிப்ரவரி ஸ்லைடை மறுபடி எடுத்துச் சின்ன லென்ஸில் வைத்தேன்.

முப்பது ஆண்டில் நான் பார்த்த எந்த ஸ்லைடையும் சின்ன லென்ஸில்தான் தொடங்கியிருக்கிறேன். முதலில் ஊர், பிறகு வீடு. இந்த ஒரு ஸ்லைடை மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. படம் எடுப்பதற்காகப் பெரிய லென்ஸ் மாட்டியிருந்தது. நேராகக் கூடுகளுக்குள் போய்விட்டேன்.

சின்ன லென்ஸில் தெரிவது இது. குடலின் உள்சுவரில் குடலுறிஞ்சிகள் விரல் விரலாக நிற்கின்றன. ஓரிடத்தில் விரல்கள் விலகி, நடுவில் வழுவழுப்பான மேடு. மேட்டுக்கு அடியில் என் ஐந்து கூடுகள், ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில்.

அது பேயர் திட்டு. எல்லார் சிறுகுடலிலும் பிறப்பிலிருந்தே இருக்கும் காவல் முகாம். முதலாண்டு மாணவர்கூட அடையாளம் சொல்வார். கட்டி அதை ஒட்டி வளர்ந்திருக்கிறது. பெரிய லென்ஸில், ஓரத்தில் கட்டிச் செல்லும் நடுவில் கூடுமாக, கட்டிக்குள் முளைத்தது போலத் தெரிந்தது.

என் வயதில் இந்தத் திட்டுகள் சுருங்கிச் சருகாகியிருக்கவேண்டும். அதனால்தான் அவை என் கணக்கிலேயே வரவில்லை. ஆனால் இவை பத்து வயதுப் பிள்ளையின் திட்டுகள் போல வீங்கியிருக்கின்றன. வித்து வேலை செய்திருக்கிறது, தவறான இடத்தில். கட்டியைத் தேடிப் போகாமல் பழைய முகாமுக்குப் போய், அங்கே படையைப் பெருக்கியிருக்கிறது. எதிரி இல்லாத படை இப்போது என் குடலையே கடிக்கிறது. சோயா மாவு இல்லை.

பொன்சிங்குக்கு என்னைவிடப் பதினோரு வயது குறைவு. அவன் திட்டுகள் இன்னும் பெரிதாக இருக்கும்.

மார்ச் 7, இரவு 9.55

பூமி உதித்ததும் அனுப்பியது: "மைதீன், நிறுத்து. பொன்சிங்குக்கு வித்து போடாதே. நான் பார்த்தது கூடு இல்லை, பேயர் திட்டு. ஈரலில் ஒன்றுமில்லை. எனக்குக் குடல் புண்ணாகி இரத்தம் போகிறது. தவறு என்னுடையது. கிடைத்ததும் பதில் சொல்."

சூரியன் பூமியை நெருங்கிவிட்டது. இரைச்சல் அதிகம். சின்ன லென்ஸ் படத்தை இரண்டு முறை அனுப்பப் பார்த்தேன். இரண்டு முறையும் அறுந்தது. மேலே உள்ள செய்தியைப் பூமி மறையும் வரை திரும்பத் திரும்ப அனுப்பினேன். பதில் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வரவில்லை. அடுத்த உதயத்திலும் வரவில்லை.

மார்ச் 12, பிற்பகல் 2.20

பம்பு நின்றது. அணு உலை தானாக அணைந்தது. அப்படி அணைவதுதான் பாதுகாப்பு. சூரியத் தகடும் மின்கலமும் மட்டும். கணினி ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறது. நடுத்தர ஆண்டெனாவின் வெப்பக் கம்பியை நிறுத்திவிட்டது. நான் பார்ப்பதற்குள் ஆண்டெனா உறைந்து, இணைப்பு வெடித்துவிட்டது.

மிச்சம் இருப்பது அவசர ஆண்டெனா. வாங்குவதில் குறையில்லை; பூமியிலிருந்து உரக்கப் பேசுவார்கள். அனுப்புவதில் நொடிக்கு ஓர் எழுத்து போகும். அதற்கே மின்கலத்தை உறிஞ்சிவிடும்.

ஸ்டீராய்டு ஏற்றிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். அது கூடுகளைக் கரைக்கும். ஊசி போட்ட இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால் சுத்தமாகக் கரைக்கும். எனக்குப் பதினொன்றாவது வாரம்.

உள்வெப்பம் 13.

மார்ச் 19, காலை 10.00

இன்று காலை அவனுக்கு ஊசி. அல்லது ஊசி இல்லை.

செய்தி கிடைத்திருந்தால் மருத்துவமனையிலிருந்து கிளம்பி ஐஸ் கம்பெனிக்குப் போயிருப்பான். யாரையாவது ஏசிக்கொண்டு நிற்பான். அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். வயிறு பலகை மாதிரி இறுகியிருக்கிறது. காய்ச்சல். இது என்ன என்று எனக்குத் தெரியும். குடலில் எங்கோ ஓட்டை. எழுதி வைக்கிறேன், வேறொன்றும் செய்ய இல்லை.

மார்ச் 23, காலை 7.35

சூரியன் விலகியது. மைதீன்:

"அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டரக்கா. ஏழாந்தேதி நீங்க அனுப்புனதுல முக்காவாசி இரைச்சல். ஆனா விசயம் புரிஞ்சுது. உடனே பதினாலு படத்தையும் திரும்ப எடுத்தேன். பேர் சொல்லாம வெளியூர்ல ரெண்டு பேருக்கு அனுப்புனேன். மூணு பேரும் கூடுன்னுதான் எழுதிருக்கோம். ஓரத்துல கட்டி தெரியுதேக்கா, அது எப்படித் திட்டாகும்? ஒரு விசயம் சொல்லுதேன், கோவப்படாதீங்க. மேலுக்கு முடியாம இருக்கும்போது மனசு கெட்டதத்தான் பாக்கும். ஆளப் பாக்காத, ஸ்லைடப் பாருன்னு நீங்கதான எங்களப் போட்டுத் திட்டுவீங்க? நான் ஸ்லைடப் பாத்தேன். அண்ணனுக்குப் பத்தொம்பதாந்தேதி காலைல போட்டாச்சு. நல்லா இருக்காக."

பொன்சிங்:

"எக்கா, ஊசி போட்டாச்சு. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. நீ வேண்டாம்னு சொன்னதா மைதீன் தம்பி சொன்னாரு. சின்னப் புள்ளையில இருந்து நீ இப்படித்தான. மொதல்ல நீ கடல்ல எறங்கிருவ, பொறவு என்னைய மட்டும் எறங்காதலேன்னு கரையப் பாத்துக் கத்துவ. போட்டுக்கோன்னு நீ சொன்னத பத்து தடவ போட்டுக் கேட்டேன்க்கா. அந்தக் குரல்ல பொய் இல்ல. பயப்படாத. சாப்பிட்டியா?"

மைதீன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பதினான்கு நல்ல படம் ஒரு பக்கம், காய்ச்சல்காரியின் பேச்சு ஒரு பக்கம். படத்தைத்தான் நம்புவேன். அத்தனை நல்ல படங்களாக நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.

மார்ச் 23, பகல் 12.10

எழுத்து எழுத்தாக அனுப்பியது: "ஸ்டீராய்டு இன்றே தொடங்கு. அது திட்டு."

வந்த பதில்: "டாக்டரக்கா, நிசமாவே கூடா இருந்து நான் ஸ்டீராய்டு கொடுத்தா, வேலை செய்யுற ஒரே மருந்தயும் நானே கரைச்சது ஆகும். அண்ணனுக்கு அடுத்த வழி கெடையாது. சின்ன லென்ஸ்ல ஒரே ஒரு படம் அனுப்புங்க. குடலுறிஞ்சி தெரிஞ்சுதுன்னா அந்த நிமிசமே ஏத்துதேன். அல்லா மேல ஆணை."

சரியாகத்தான் கேட்கிறார்.

மார்ச் 23, மாலை 4.50

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, முடிந்தவரை சுருக்கினேன். இதைவிடச் சுருக்கினால் மங்கிவிடும். மறுபடி சந்தேகம் வரும். ஐந்து பகுதியாகப் பிரித்திருக்கிறேன். ஒரு பூமி உதயத்துக்கு ஒரு பகுதி. இரண்டு நாள்.

படம் மேலிருந்து கீழாக, வரி வரியாகப் போகும். நான் எடுத்த படத்தில் கட்டி மேலே இருந்தது. திருப்பி வைத்தேன். குடலுறிஞ்சிகள் முதலில் போகட்டும், பிறகு மேடு, பிறகு திட்டு. கட்டி கடைசியில் போனால் போதும்.

மின்கலம் ஆண்டெனாவுக்கும் அறையின் சூட்டுக்கும் சேர்ந்து போதாது. கணினி மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் ஆண்டெனா என்றேன். அனுப்புவதை என் குரல் சொன்னால் ஒழிய நிறுத்தாதே என்று கட்டளை போட்டிருக்கிறேன். சூடு போதவில்லை என்று அதுவாக முடிவெடுத்துவிடக் கூடாது.

பொன்சிங்குக்கு இன்று நாலாவது நாள். நேரம் இருக்கிறது. அவனுக்கு இருக்கிறது.

மார்ச் 24, காலை 8.30

பகுதி 1 போனது. உள்வெப்பம் 4.

எல்லாத் தூக்கப் பைகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து உள்ளே இருக்கிறேன். ஆறு பேருடைய பைகள். ஒன்றில் இன்னும் தைல வாசனை இருக்கிறது.

வலி நேற்றைவிடக் குறைவு. இது நல்ல செய்தி இல்லை என்று எழுதிக் கொடுக்கிற வேலைதான் நான் செய்தது.

மார்ச் 24, பிற்பகல்

பகுதி 2. மேடு போய்க்கொண்டிருக்கும். உள்வெப்பம் பார்க்கவில்லை.

கை வரவில்லை. கணினி, நான் சொல்லச் சொல்ல எழுது.

மைதீனுக்கு. முதலில் சின்ன லென்ஸ். நானே செய்யவில்லை. என்னைச் சொல்லிக் காட்டு, வகுப்பில். பேரைச் சொல்லியே காட்டு. பரவாயில்லை.

பொன்சிங். பொய் இல்லலே அது. எனக்கு நிசமாவே அப்படித்தான் தெரிஞ்சுது. நீ மூச்சு வாங்குனது கேட்டுச்சு, அதான்

பூமி மறைஞ்சுட்டா? எந்தப் பகுதி. சரி. சரி, அனுப்பு. நிறுத்தாத

மார்ச் 25, அதிகாலை 1.40. நிலையக் கணினியின் பதிவு

பகுதி 3 அனுப்பப்பட்டது. உள்வெப்பம் மைனஸ் 6. பணியாளரிடமிருந்து கடைசிக் குரல்: நேற்று மாலை.

பூமியிலிருந்து செய்தி வந்தது. அறை ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது:

"டாக்டரக்கா, தெரியுது. குடலுறிஞ்சி தெரியுது, மேடு தெரியுது. பதினாலு படத்தையும் மேல வச்சுப் பாத்துட்டேன், அப்படியே பொருந்துது. திட்டுதான்க்கா. ஏத்தியாச்சு, பத்து நிமிசத்துக்கு முன்னால மொத டோஸ் ஏத்தியாச்சு. ஆறாவது நாள்தான், சுத்தமா கரைஞ்சிரும். போதும்க்கா. இனி அனுப்ப வேண்டாம். நிறுத்திட்டு ரெஸ்ட் எடுங்க. அண்ணன் பேசணுங்காக."

"எக்கா, ஸ்டீராய்டு ஏத்துதாங்க. இதுக்குப் பசி பசின்னு எடுக்குமாம்லா, மைதீன் தம்பி இப்பமே பிரியாணிக்குச் சொல்லிட்டாரு. நீதான் ஜெயிச்ச, போதுமா? கரையில நின்னு கத்துனியே, கேட்டுட்டேன். எக்கா? ஒரு வார்த்தை ஏசேன். என்னலே இவ்வளவு நேரம்னு ஏசு. இங்கனயே உக்காந்திருக்கேன்."

பணியாளர் பதில் இல்லை. செய்தி மறுபடி வாசிக்கப்பட்டது. பதில் இல்லை.

மார்ச் 25, காலை 10.45. நிலையக் கணினியின் பதிவு

பகுதி 4 அனுப்பப்பட்டது. உள்வெப்பம் மைனஸ் 11.

பூமியிலிருந்து அனுப்புதலை நிறுத்தச் சொல்லி ஒன்பது செய்திகள் வந்தன. எல்லாம் அறையில் வாசிக்கப்பட்டன. நிறுத்தும் கட்டளை பணியாளரின் குரலில் வரவேண்டும். வரவில்லை.

அடுத்த பூமி உதயத்தில் பகுதி 5 தொடங்கும்.